ஆட்டமும் களமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டி உத்தனப்பள்ளியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, யாப்பைப் பற்றியோ தனிப்பாடல் மரபைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். தலைப்பைச் சொன்னதும் சற்றே திகைத்தார். “ஐயா, கணிப்பொறி விளையாட்டா? கவிஞர் கூடும் அவையிலா?” என்றார். ஆம், அதுவேதான். ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு நான் வந்து சேரப்போவது, நம் வட்டத்தின் மேசைமேல் இரண்டு மாதமாகக் கிடக்கும் ஒரு காகிதத்திடம். அது எந்தக் காகிதம் என்பது உங்களுள் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக வளர்ந்த தெருவில், கோயில் வாசலை ஒட்டி ஒரு பலகைக்கல் கிடந்தது. அதன்மேல் ஒரு முக்கோணமும் அதனூடே குறுக்குக் கோடுகளும் கீறப்பட்டிருந்தன. ஆடுபுலி ஆட்டக் கட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்திகள். ஆடுகளுக்குப் புளியங்கொட்டை, புலிகளுக்குக் கூழாங்கல். நம் பகுதி மும்மொழி புழங்கும் எல்லைப் பகுதி. அதே கல்லில் குந்தித் தமிழர் ஆடியபோது அது ஆடுபுலி. தெலுங்கர் ஆடியபோது புலி மேக. கன்னடர் ஆடியபோது ஆடு ஹுலி ஆட்ட. பெயர் மூன்று, கோடு ஒன்று. வழக்கு எழுந்தால் சுற்றி நிற்பவர்கள் தீர்ப்பார்கள். தீர்ப்புப் பிடிக்காதவன் எழுந்துபோய் வேறிடத்தில் கரித்துண்டால் ஒரு கட்டம் போட்டுக்கொள்வான். கல்லைக் கீறியவர் பெயர் கல்லில் இல்லை. அவர் எவராயினும், “இனி இதில் ஆடாதீர்” என்று பின்னாளில் வந்து சொல்லும் வழி ஒன்றை அவர் கல்லினுள் வைக்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியம்தான் இன்றைய பேச்சின் கரு. இப்போது நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களில் கட்டம் அவர்கள் கையில் இல்லை. அது எங்கோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கிறது. அக்கணிப்பொறியைச் சர்வர் என்று பிள்ளைகள் சொல்வார்கள்; நாம் வழங்கி என்போம். வழங்கியை நிறுத்தினால் கையில் இருக்கும் ஆட்டம் வெறும் படம். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அப்படித்தான்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சூதாட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மி குடும்பங்களைக் கெடுத்ததையும் அதைத் தடுக்கச் சட்டங்கள் வந்ததையும் அனைவரும் அறிவோம். நான் பேசுவது, அன்பு காரணமாக ஆடுகிறவர்களைப் பற்றி. அவர்கள் தாமே கூடி அமைத்த களங்களைப் பற்றி. அக்களங்களுக்கும் நிறுவனங்கள் நடத்தும் களங்களுக்கும் இடையே நிகழ்ந்த சில வழக்குகளைப் பற்றி.

சதுரங்கத்திலிருந்து தொடங்குவோம். அது நமக்கு அந்நியமன்று. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன் தமிழ்நாட்டின் ஆட்டக்காரர். 1972இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகையில் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் தோன்றியது. விசுவநாதன் ஆனந்த் சிறுவனாகச் சென்று ஆடிப் பழகிய இடம் அது. 2022இல் நாற்பத்து நான்காம் ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில், பதினெட்டு வயதுக் குகேஷ் உலக வாகையர் ஆனார். ஆனால் நான் சொல்ல வந்த கதை சென்னையில் நடந்ததன்று, அமெரிக்காவில் நடந்தது.

1992 சனவரியில் அங்கே சில ஆர்வலர்கள் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்றில் ஒரு சதுரங்க வழங்கியை அமைத்தார்கள். படம் கிடையாது, எழுத்துகளும் கோடுகளுமாகத் திரையில் ஒரு பலகை தெரியும். ஓர் ஊரிலிருந்து ஒருவர், இன்னொரு கண்டத்திலிருந்து ஒருவர், நடுச்சாமத்தில் உட்கார்ந்து ஆடுவார்கள். கட்டணம் இல்லை. பிழை கண்டவர் திருத்தினார்; நேரம் இருந்தவர் ஒழுங்கு காத்தார்; புதிதாக வந்தவர்க்குத் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தார். பிட்சுபர்க் நகரத்துக் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டேனியல் சிலேட்டர் அதன் நிரலைக் கையில் எடுத்துப் பெரிதும் திருத்தி எழுதினார். இணைப்பு மெதுவாக இருப்பதால் ஒருவரின் கடிகாரம் வீணே ஓடும் குறையை நீக்க அவர் கண்ட வழி, அந்நாளில் பலர் மெச்சியது.

1995இல் அவர் அதை ஒரு நிறுவனமாக்கினார். இண்டர்நெட் செஸ் கிளப் என்று பெயர். ஆண்டுக்கு 49 டாலர் கட்டணம், மாணவர்க்குப் பாதி. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரவும் பகலும் உழைத்தவர் அவர். வழங்கிக்குச் செலவு உண்டு. ஆடுவோர் தொகை பெருகிக்கொண்டே போயிற்று. ஆயினும் அதுவரை கூலியின்றி உழைத்த தொண்டர்கள் நெஞ்சில் அது தைத்தது. நாம் கட்டிய திண்ணைக்கு நாமே வாடகை தருவதா என்றார்கள். அவர்களுள் சிலர், கையிலிருந்த பழைய நிரலின் படியை எடுத்து, அதே 1995 மார்ச்சு மாதம் இன்னொரு வழங்கியை இலவசமாகத் திறந்தார்கள். பெயரிலேயே ‘இலவச’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். கரித்துண்டால் வேறிடத்தில் கட்டம் போட்ட சிறுவன் எனக்கு நினைவுக்கு வருகிறான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்களால் வெளியேறிச் செல்ல முடிந்ததற்குக் காரணம் கோபம் மட்டுமன்று. கையில் ஒரு பழைய படி இருந்தது. மேலும் சதுரங்கம் எவர்க்கும் உடைமையன்று. படியும் இல்லை, ஆட்டமும் பிறருடையது என்றால் கோபம் எங்கே போய் ஆடும்?

பின்னாளில் இதே போக்கு இன்னும் பெரிய அளவில் நிகழ்ந்தது. 2007இல் செஸ்.காம் தொடங்கியது, இன்று உலகின் மிகப் பெரிய சதுரங்கக் களம் அதுவே. 2010இல் திபோ துப்ளெசி என்னும் பிரெஞ்சு இளைஞர் லிச்செஸ் என்ற களத்தைத் தொடங்கினார். அதில் விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. நன்கொடையால் நடக்கும் இலாப நோக்கற்ற சங்கம். மூல நிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம். தன்னார்வலர் பெயர்த்ததனால் தமிழிலும் அதைப் பயன்படுத்தலாம். நான் அங்கே ஆடுகிறேன், பெரும்பாலும் தோற்கிறேன், அது கிடக்கட்டும். அந்தப் பெரிய நிறுவனமோ, மக்னுஸ் கார்ல்சனின் பெயர் தாங்கிய குழுமத்தை 2022இல் வாங்கிற்று. அக்குழுமத்தின் கையில் செஸ்24 என்ற வேறொரு புகழ்பெற்ற களம் இருந்தது. அது 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது. அங்கே பல்லாண்டு பழகியவர்கள் வேறிடம் பெயர்ந்தார்கள்.

நிறுவனக் களமே கூடாது என்பவன் அல்லன் நான். அங்கே பரிசுப் பணம் உண்டு, ஏமாற்றுவோரைப் பிடிக்கும் வசதி உண்டு, சிற்றூர்ப் பிள்ளை ஒன்று பெரிய ஆட்டக்காரரின் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. ஆனால் கடை நடத்துபவரே நீதிபதியாகவும் அமரும்போது வரும் சங்கடமும் உண்டு. 2022இல் ஓர் இளம் ஆட்டக்காரரைப் பற்றி அந்நிறுவனம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. அவர் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். அறிக்கை சரியா தவறா என்பதற்குள் நான் நுழையவில்லை. கோயில் வாசல் கல்லில் ஏமாற்றியவனைப் பற்றி எழுபத்திரண்டு பக்கம் எவரும் எழுதியதில்லை. எழுந்து போ என்று சொல்லிவிடுவார்கள், மறுநாள் அவனே வந்து உட்கார்ந்துகொள்வான்.

இன்னொரு வழக்கைக் கவிஞர்களாகிய நீங்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். 2016 நவம்பரில் நியூயார்க்கில் கார்ல்சனும் கர்யாக்கினும் உலகப் பட்டத்துக்கு ஆடினார்கள். போட்டியை நடத்திய நிறுவனம், நகர்வுகளை உடனுக்குடன் பிற தளங்கள் வெளியிடுவதைத் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. குதிரை எந்தக் கட்டத்தில் குதித்தது என்பது நிகழ்ந்த செய்தி. செய்திக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் வெண்பாவுக்கு உண்டு. எழுதியவர்க்கு அது உரிமை; எழுத்தில் ஒப்புக்கொடுத்தால் பிறர்க்கு மாறக்கூடிய உரிமை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

சதுரங்கத்துக்கு உரிமையாளர் இல்லை. உரிமையாளர் உள்ள ஆட்டங்களின் கதி வேறு. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்றோர் ஆட்டம் 2004இல் வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை நகரில் தத்தமக்கென ஒரு வீரனைப் படைத்து உலவுவார்கள். சிலர் தங்கள் வீரனுக்கு வரலாறு எழுதினார்கள், வம்சம் எழுதினார்கள். காப்பியம் பாடுவதற்கு ஒப்பான செயல் என்று சொன்னால் மிகையன்று. 2012 நவம்பர் 30ஆம் நாள் என்.சி.சாஃப்ட் நிறுவனம் அதன் வழங்கிகளை நிறுத்தியது. கடைசி இரவில் நகரச் சதுக்கங்களில் கூடி நின்றார்கள். கையில் தீப்பந்தம் பிடித்து நிற்க அந்த ஆட்டத்தில் வசதி இருந்தது, அப்படி நின்றார்கள். திரை இருண்டது.

அதற்குப் பின் நடந்ததுதான் நெஞ்சை நெருடுவது. ரசிகர்களுள் ஒரு சிறு குழுவின் கையில் அந்நிரலின் படி எப்படியோ சிக்கியது. அவர்கள் மறைவாக ஒரு வழங்கியை இயக்கி, தமக்கு வேண்டியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ ஆறாண்டுகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியே மற்ற ரசிகர்கள் இழவு கொண்டாடிக்கொண்டிருக்க, உள்ளே விருந்து நடந்தது. 2019 ஏப்ரலில் இது வெளிப்பட்டபோது எழுந்த கொதிப்பு, நிறுவனம் மூடியபோது எழுந்ததைவிடப் பெரிது. பிறகு நிரல் அனைவர்க்கும் வெளியானது. ‘ஹோம்கமிங்’ என்ற பெயரில் ஒரு தொண்டர் குழு களத்தைத் திறந்தது. 2024 சனவரியில் அதே நிறுவனம் அவர்களுக்கு உரிமம் வழங்கியது.

தமிழறிந்த நமக்கு இது புதிதா? ஏடுகள் வீடுகளில் பூட்டிக் கிடந்தன. கேட்டுப் போனவர்க்குக் காட்டாதவர் இருந்தனர். வழிபடுவோம், படிக்கத் தரமாட்டோம் என்றவர் இருந்தனர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு நாம் அறியாததன்று. ஆகவே ரசிகர் நடத்துவது எல்லாம் பொதுவானது என்று நான் சொல்லமாட்டேன். அன்பு மிகுந்த இடத்தில் பூட்டும் மிகும். நம் வட்டத்திலும் பழைய மலர்களைத் தம் பீரோவில் வைத்துக்கொண்டு கேட்டால் தராத அன்பர் ஒருவர் உண்டு. அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். சிரிக்கிறார். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள் ஐயா.

வேறொரு வகை முடிவும் நேர்ந்ததுண்டு. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் ஆட்டத்தைப் பனிப்புயல் என்று பொருள்படும் பெயருடைய பிளிசார்டு நிறுவனம் நடத்துகிறது. ஆண்டுதோறும் அதைப் புதுக்கிப் புதுக்கி, பழைய ஆட்டம் எங்கும் இல்லாமல் போயிற்று. பழைய வடிவத்தை விரும்பியவர்கள் நாஸ்டால்ரியஸ் என்ற வழங்கியைத் தாமே அமைத்தார்கள். காசு வாங்கவில்லை. ஆயினும் உரிமம் இல்லை. நிறுவனத்தின் வழக்கறிஞர் கடிதம் வந்தது. 2016 ஏப்ரலில் மூடினார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு முறையிட்டனர். நிறுவனம் 2019இல் அப்பழைய வடிவத்தைத் தானே வெளியிட்டது. வணிகமும் நன்றாக நடந்தது. ரசிகர்கள் காட்டிக்கொடுத்த சரக்கு, விற்றவர் முதலாளி. மூடப்பட்ட களத்தின் தொண்டர்களுக்கு அதில் ஒரு கிண்ணம் கஞ்சிகூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை. பெருமை மட்டும் கிடைத்தது.

2014இல் வெளிவந்த ‘தி குரூ’ என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச்சு 31ஆம் நாள் நிறுத்தியது. தனியாக அமர்ந்து ஆடுவதற்கும் வழங்கி வேண்டும் என்ற அமைப்பு. ஆகவே காசு கொடுத்து வாங்கியவர்க்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் வழியாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்மொழிவில் 2025இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அவர்கள் கேட்பது பெரிதன்று. எக்காலமும் நடத்துங்கள் என்று கேட்கவில்லை; மூடும்போது, நாங்களே ஆடிக்கொள்ளும் நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்கிறார்கள். கல்லை எடுத்துப் போகாதீர் என்கிறார்கள்.

இவை எல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டா. பின்வரிசை இளைஞர்களுக்கு 2020 செப்டம்பர் 2ஆம் நாள் நினைவிருக்கும். பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை ஒன்றிய அரசு தடை செய்த நாள். இங்குள்ள தொழிற்சாலை விடுதிகளில் அறைக்கு ஓர் அணி இருந்த காலம் அது. நால்வர் சேர்ந்தால் ஓர் அணி. ஒருவர் தருமபுரி, ஒருவர் திருவண்ணாமலை, ஒருவர் ஒடிசா, ஒருவர் மாலூர். மொழி பொருந்தாது, ஆட்டம் பொருந்தும். 2021 சூலையில் வேறு பெயரில் இந்தியாவுக்கென அவ்வாட்டம் வந்தது. 2022 சூலையில் மீண்டும் மறைந்தது. 2023 மே மாதம் மீண்டும் தோன்றியது. தடைக்கு அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. அதை நான் வழக்காட வரவில்லை. நான் பார்த்தது, தோழமை முழுவதையும் ஒரே செயலிக்குள் வைத்திருந்தவர்களின் நிலையை. புனைபெயர் மட்டும் தெரியும். ஊர் தெரியாது, தொலைபேசி எண் தெரியாது. செயலி போனது, ஆளும் போனார்.

ஆட்டத்துக்கும் அனுமதிக்கும் இடையே உள்ள வழக்கு நம் மாவட்டத்தில் தெருவிலேயே நடந்ததுண்டு. 2023 பிப்ரவரி 2ஆம் நாள், கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி வருவதில் தாமதம் என்று கூட்டம் நெடுஞ்சாலையை மறித்துக் கல்லெறிந்தது. வண்டிகள் உடைந்தன, வழிப்போக்கர் பல மணி நேரம் தவித்தனர். ஆட்டம் எங்களுடையது என்ற உணர்வுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மாடு மிரளும் இடத்தில் மருத்துவரும் வேலியும் காவலரும் வேண்டும்; அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும். சதுரங்கத்திலும் அப்படியே. 1924இல் பாரிசில் தோன்றிய ஃபிடே என்னும் உலகக் கூட்டமைப்பு தரவரிசையும் பட்டமும் வழங்காவிட்டால் குகேஷ் வாகையர் என்று எவர் சொல்வது? ஆகவே அலுவலகம் தீது, திண்ணை நன்று என்று பாட்டெழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

இடையில் ஒரு செய்தி; யாப்பறிந்தோர் மகிழ்வீர்கள். 2023இல் கனடாவிலிருந்து ஒரு கணிப்பொறி விளையாட்டு வெளிவந்தது. பெயர் ‘வெண்பா’. 1980களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் தாய் பெயர் அது, கணவன் பெயர் பாவலன், மகன் கவின். சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைப் பார்த்து, அழிந்த எழுத்தை ஊகித்து, இட்டலியும் பிரியாணியும் ஆக்குவதே ஆட்டம். 2024இல் அதற்குப் பிரித்தானியத் திரைக் கழகத்தின் பாஃப்டா விருது, முதற் படைப்புக்கான பிரிவில் கிடைத்தது. பாதி அழிந்த ஏட்டைச் சரிசெய்வதை விளையாட்டாக்கலாம் என்று நம் பதிப்பாசிரியர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

இனி நம் கதை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நாம் கூடுகிறோம். ஒருவர் ஈற்றடி கொடுப்பார். மறுமாதம் அவ்வடியில் முடியும் வெண்பாவோடு அனைவரும் வருவோம். தளை தட்டினால் கைதட்டிச் சிரிப்போம். அதற்கு அபராதம் ஒரு தேநீர். இது விளையாட்டுத்தான், புலவர்கள் பல நூற்றாண்டுகளாக ஆடிய விளையாட்டு. வெண்பாக்களை ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். 2020இல் ஊரடங்கு வந்தது. கூட முடியவில்லை. அப்போது நானே முன்மொழிந்து, ஒரு நிறுவனத்தின் செயலிக்கு ஆட்டத்தை மாற்றினோம். பெயர் வேண்டா. எழுதியும் இடலாம், குரலிலும் பாடி இடலாம். அந்நாள்களில் அது ஒரு வரமாகவே இருந்தது. கூடுவதற்கு அஞ்சிய காலத்தில் முன்னைவிட மிகுதியாகப் பாடினோம் என்பதை மறுக்கமாட்டேன். நோட்டு எதற்கு என்று நான்தான் சொன்னேன். இதை இந்த அவையில் சொல்லிவிடுவது நல்லது. பத்தாண்டு மலரில் என் பிழையும் அச்சாகட்டும்.

பதினான்கு மாதம் கழிந்து அந்நிறுவனம் அச்சேவையை மூடியது. முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில், நம்மில் எவரும் திறந்து பாராத ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு. போய்ப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. பலர் தம் பாடல்களை நினைவிலிருந்தும் துண்டுக் காகிதங்களிலிருந்தும் மீட்டார்கள். மீட்க முடியாதவர் ஒருவர். ராயக்கோட்டைச் சாலையில் தையற்கடை வைத்திருந்த நம் மூத்த கவிஞர். காஜாத் துணியில் சுண்ணக்கட்டியால் சீர் பிரித்துப் பார்ப்பார். கண் மங்கியதால் அவர் எழுதி இடவில்லை; குரலில் மட்டும் பாடி இட்டார். 2021இல் மறைந்தார். அவர் கடைசியாகப் பாடிய மூன்று வெண்பாக்களை நான் கேட்டேன், நீங்களும் கேட்டீர்கள். ஒன்றின் முதற்சீர் ‘ஊசி’ என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. மேலே வரவில்லை. அவர் துணைவியார் ஒருநாள் வந்து, “அவருடைய குரல் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா, சார்?” என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

அதனால்தான் இந்தக் காகிதத்தை நான் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. வேறொரு நிறுவனம் நம் ஈற்றடிப் போட்டியைத் தன் தளத்தில் நடத்த முன்வந்திருக்கிறது. மாதந்தோறும் பரிசு தருவார்கள். உலகத் தமிழர் எல்லாரும் கலந்துகொள்ளலாம். வந்து பேசிய இளைஞர் நல்லவர், தமிழில் பற்றுள்ளவர், தேநீரும் அவரே வாங்கித் தந்தார். ஒப்பந்தத்தை நான் இருமுறை படித்தேன். இடப்படும் பாடல்கள் எல்லாவற்றையும் எவ்வகையிலும் எக்காலமும் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு. போட்டியின் பெயரும் நிறுவனத்துக்கு. சேவையை எப்போது வேண்டுமாயினும் காரணம் கூறாமல் நிறுத்தலாம். வேறிடத்தில் இதே போட்டியை வட்டம் நடத்தக் கூடாது. கடைசிச் சொற்றொடரை மீண்டும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. கரித்துண்டையும் கேட்கிறார்கள்.

மாற்று வழி உண்டா என்று கேட்பீர்கள். கண்ணுக்கு முன்னால் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு.கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூலியின்றி இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ஒரு குறிப்பு இருக்கும்: இம்முகப்பை நீக்காமல் இக்கோப்பை எவரும் எவர்க்கும் இலவசமாக வழங்கலாம் என்பது அதன் பொருள். 2001இல் அரசு சார்பில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதுவும் நூலகம் அமைத்தது. ஒன்று வந்ததால் மற்றொன்று அழியவில்லை. மதுரைத் திட்டத்தின் கோப்புகள் எத்தனை பேர் கணிப்பொறியில் இருக்கின்றன என்பதை எவராலும் எண்ண முடியாது. ஆகவே எவராலும் மூடவும் முடியாது. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அதிலிருந்த எத்தனையோ பேரின் பக்கங்கள் காணாமல் போயின. அதைக் கண்டவர்களுக்குப் படியின் அருமை தெரியும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பொதுக்குழு அதை ஏற்கலாம், தள்ளலாம். நிறுவனம் போட்டியை நடத்தட்டும். நம் இளைஞர் பரிசு பெறட்டும். அயல்நாட்டு அன்பர்களும் பாடட்டும். ஆனால் பாடல் முதலில் நம் நோட்டில் ஏற வேண்டும். அங்கே செல்வது படி. உரிமை பாடியவரிடமே இருக்க வேண்டும். நிறுத்தும்போது எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டு நிறுத்த வேண்டும். வேறிடத்தில் ஆடக் கூடாது என்ற விதியை அடித்துவிட வேண்டும். அதை அடிக்க மறுத்தால், பரிசு எவ்வளவாயினும், காகிதத்தை மடித்து அவர் கையிலேயே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதற்கு விலை உண்டு என்பதும் தெரியும். நோட்டு எழுத ஆள் வேண்டும். செயலாளர் பத்தாண்டாகத் தனியாகச் சுமக்கிறார். அவர் முதுகு வளைவதை நாம் கைதட்டிக்கொண்டே பார்த்திருக்கிறோம். தொண்டர் களங்கள் பெரும்பாலும் பகையால் மூடப்படுவதில்லை, களைப்பால் மூடப்படுகின்றன. ஆகவே மாதம் ஒருவர் முறைவைத்து எழுதுவது என்றும், ஆண்டு முடிவில் மூன்று படி எடுத்து மூன்று வீடுகளில் வைப்பது என்றும் நான் கேட்கிறேன். குரலில் பாடுவோர்க்குப் பக்கத்தில் அமர்ந்து ஒருவர் எழுதித் தர வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

புதிய நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன்; இருநூறு பக்கம், கோடு போட்டது. மேசைமேல் இருக்கிறது. அடுத்த மாதத்துக்கு ஈற்றடி கொடுக்கும் முறை எனதாம். எழுதிக்கொள்ளுங்கள்:

கல்லில் கிடக்கும் களம்.

இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. தளை தட்டுவோர் தேநீருக்குக் காசு கொண்டுவரவும்.